என் சட்டைப்பையில் ஒரு சாவி

இன்று நுவரெலியாவிலிருந்து ராகலைக்கு வந்த பஸ்ஸில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் இருந்தோம். அத்தனை பேரின் முழங்கைகளிடமிருந்தும் நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது, தங்கச்சி மகளின் இருபத்தோராவது பிறந்தநாள் கேக்.

பக்கத்தில் இருந்த தங்கச்சி பெட்டியைத் திறந்து பார்த்து வெளிறிப்போனாள்.

"அண்ணே, மேல சாவி வச்சிருக்காங்களே!"

"இருபத்தொண்ணுக்குச் சாவி வைக்காம சுத்தியலா வைப்பாங்க? வீட்டுச் சாவி அவ கையில, இனிமே அவ இஷ்டம்னு அர்த்தம்."

அவள் சிரிக்கவில்லை.

"அதான் பயமா இருக்கு. பெரியவனுக்கும் இப்படித்தான் சாவி வச்ச கேக்கு வெட்டுனோம். அடுத்த மாசமே கொழும்புக்குப் போனான். இப்ப தீவாளிக்குத்தான் வாரான். திங்கக்கிழம இவளும் அங்கயே வேலைக்குப் போறா. அப்புறம் அந்த லயத்து வீட்டுக் காம்பராவுல நான் யாரோடண்ணே பேசுறது?"

சொல்லிக்கொண்டே, வெள்ளித்தாள் சுற்றிய அந்த அட்டைச் சாவியைப் பிடுங்கி என் சட்டைப்பையில் சொருகினாள்.

"கடைக்காரங்க மறந்துட்டாங்கன்னு சொல்லிருங்க."

சிறுத்தையையே முறைத்துப் பார்த்துத் துரத்தியவன் நான். அந்த நானே சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

வீட்டில் பிள்ளை பெட்டியைத் திறந்தாள். கிரீமில் சாவியின் தடம் அச்சடித்ததுபோல் இருந்தது.

"மாமா, சாவி எங்க?"

தங்கச்சி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் விறகைத் தொடவில்லை.

ஆறு மணிக்குக் கேக் வெட்ட வேண்டும். இப்போது ஐந்தரை. மாமன் நான் வெளியே வந்து, குளிரில் வியர்த்துக்கொண்டு போனில் இதை எழுதிப் போடுகிறேன்.

சாவியை யார் கையில் கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். வாசலில் இரண்டு பேருமே வந்து நிற்கிறார்கள்.