கறுப்பு உள்ளே, சிவப்பு வெளியே

ஜப்பானில் நான் வேலை செய்யும் மலையின் சுரங்க வாசலில் ஆளுக்கொரு சிறிய மரப்பலகை கயிற்றில் தொங்குகிறது. என்னுடையதில் ஒரு பக்கம் கறுப்பில் என் பெயர், மறுபக்கம் சிவப்பில். உள்ளே போனால் கறுப்பு, வெளியே வந்தால் சிவப்பு. ஐம்பது வயதில், நான் எங்கே இருக்கிறேன் என்பதை ஒரு மரத்துண்டு சொல்லிவிடுகிறது.

மலையின் வயிற்றில் ஒரு பெருந்தொட்டித் தண்ணீர். ஊரில் இருப்பவர்கள் வவுனிக்குளத்தின் ஒரு மூலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது வயலுக்குப் பாயாது, யாரும் குளிப்பதில்லை. அதைச் சுத்தமாக வைத்திருப்பது என் தொழில். நாட்டின் மறுகரையிலிருந்து பாறைக்குள்ளால் அனுப்பும் நியூட்ரினோத் துகள்களில் ஒன்றிரண்டு மட்டும் இதில் மோதி, நீலமாய் மினுங்கி அணையும். சுவரெங்கும் பதித்த கண்ணாடிக் குமிழ்கள் அதற்காக இமைக்காமல் விழித்திருக்கின்றன. புறப்பட்ட வகைத் துகள்களில் பெரும்பகுதி இங்கே வந்து சேர்வதில்லை. "காணாமல் போய்விட்டன!" என்று ஒரு நாள் காலை, கணிப்புச் சரிவந்த மகிழ்ச்சியில் பக்கத்து மேசைத் தனகா கைதட்டினார். நான் முகம் வாடித் தலை குனிந்தேன். அவர் குழம்பி, என்னைவிடத் தாழக் குனிந்தார்.

மத்தியானம் மல்லாவியிலிருந்து அக்கா அழைத்தபோது இதைச் சொன்னேன்.

"காணாமல் போனதுக்குக் கைதட்டுறாங்களோ? நல்ல ஊரடா உன்ர ஊர்."

அத்தானை அக்கா கடைசியாகக் கண்டது ஓமந்தையில், போர் முடிந்த கிழமை, இராணுவச் சோதனைச் சாவடியின் ஒரு நீண்ட வரிசையில். காணியைத் தன் பெயருக்கு மாற்ற, அவர் இறந்துவிட்டார் என்று நாளைக்கு அரசாங்கக் கந்தோரில் அக்கா கையெழுத்து வைக்க வேண்டும்.

"வைக்கட்டோ, தம்பி?"

நான் துகள்களுக்குப் பின்னால் ஒளிந்தேன். "அதுகள் அழியேல்லை, அக்கா. வாற வழியில வேற வகையா மாறிப்போட்டுதுகள்."

"அப்ப செத்ததெண்டு எழுதமாட்டியள்?"

"இல்லை. ஆனா துகள் வேற, அத்தான் வேற."

"ஓமடா, எனக்கென்ன விசரோ? உங்கட கொப்பியில அதுக்கொரு கட்டம் இருக்கு. இவையின்ர படிவத்தில இல்லை. அவ்வளவுதான்."

மறுநாள் நான் சுரங்க வாசலில் நின்றபோது அக்கா மீண்டும் அழைத்தார். கையெழுத்து வைக்காமலே பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாங்குளத்தில் பஸ் மாறக் காத்திருந்தார்.

"காணி எங்க ஓடப்போகுது? அங்கயே கிடக்கட்டும்."

அந்தக் குரலில் அழுகை இல்லை. பின்னால் பஸ் நடத்துநர் மல்லாவி, மல்லாவி என்று கூவிக்கொண்டிருந்தார். அந்தக் கூவலுக்குள் நின்றபடியே என் பலகையைத் திருப்பினேன். கயிறு முறுகி, அது கறுப்பும் காட்டாமல் சிவப்பும் காட்டாமல் விளிம்பில் நின்றது. அந்தக் கணத்திலும் எண்ணற்ற துகள்கள், மல்லாவி மண்ணைக் கடந்தும் வந்திருக்கக்கூடியவை, என்னைத் தொடாமலே எனக்குள்ளால் போய்க்கொண்டிருந்தன.

தனகா பலகையைப் பார்த்தார். "உள்ளேயா, வெளியேயா?"

"ஓம்" என்றேன்.