வார்டில் கைமாற்றிய பாடம்

யாராவது "இந்த வயசுல எதுக்குப் படிப்பு?" என்று கேட்டால் எனக்கு உடனே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டில், வார்டில், கோயிலில் என்று எல்லாரும் அதையே கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் என் தோழி. மலேசியாவில், கிள்ளான் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரே வார்டில் பதினெட்டு வருஷம் என்னோடு வேலை பார்த்த நர்ஸ். அவளுக்கும் அதே ஆசை இருந்தது.

வேலையை விடாமலே கம்ப்யூட்டர் வழியாக நர்ஸிங் பட்டம் படிக்கலாம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அறிவித்திருந்தது. அதற்கு முன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பத்துச் சனிக்கிழமை காலை ஆயத்த வகுப்பு, அதன்பின் ஒரு தேர்வு. தேறினால்தான் இடம். ஆனால் வார்டில் நாங்கள் இருவரும்தான் சீனியர். காலையில் ஒருத்தி இருந்தே ஆகவேண்டும் என்றார் ஷிப்டு ரோஸ்டர் போடும் தலைமை நர்ஸான சிஸ்டர். ஆகவே முறை வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் அவள் வகுப்புக்கு, மறுவாரம் நான். வகுப்புக்குப் போனவள் பஸ் பிடித்து இரண்டு மணி ஷிப்டுக்கு ஓடிவருவாள். காலை ஷிப்டு பார்த்தவள் நோயாளிகளை ஒப்படைப்பாள். வந்தவள் பாடத்தை ஒப்படைப்பாள்.

பாடத்தையும் அவள் வார்டு ரிப்போர்ட் மாதிரியே சொல்வாள். "ஈமெயில் ஸ்டேபிள். மவுஸ் பிடிச்சா கை நடுங்குது, அப்சர்வ் பண்ணணும். கட்டுரைதான் ரொம்ப கிரிட்டிக்கல் லா."

என் முறை வந்த ஒரு வாரம் வகுப்பில், மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். காய்ச்சல் எவ்வளவு, மருந்து எத்தனை மணிக்கு என்று நான்கு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நேரத்தையும் குறித்துக் கொடுத்தேன். எங்களைவிட வயதில் சிறிய ஆசிரியை படித்துவிட்டு, "அக்கா, இதுல நீங்க எங்க இருக்கீங்க? உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்றாள்.

"தோணினதை எழுதினா சிஸ்டர் ஏசுவாங்க," என்றேன். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மதியம் அதைத் தோழியிடம் சொன்னபோது, ஊசித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல கேள்வி," என்றாள். மறுவாரமே இரண்டு பக்கம் எழுதிவிட்டாள். உண்மையைச் சொன்னால் என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி.

தேர்வுச் சனிக்கிழமை நெருங்கியது. வேறு வார்டில் ஆள் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ரோஸ்டர் தாளோடு சிஸ்டர் எங்களைப் பார்த்து, "யாரு போறீங்க?" என்றார். முறைப்படி அது அவளுடைய வாரம். நான் ஜாடியில் இருந்த தெர்மாமீட்டர்களைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"அவ போகட்டும் சிஸ்டர். நான் அடுத்த பேட்ச்ல பாத்துக்கிறேன்," என்றாள்.

போனேன், தேறினேன். அடுத்த பேட்ச் தொடங்குவதற்குள் அவளைக் காஜாங் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கணவருக்கும் உடம்பு முடியாமல் போனது. அவள் விண்ணப்பிக்கவே இல்லை.

பட்டப்படிப்பு முழுவதையும் வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து படித்தேன். ஒரு நல்ல பாடம் வந்தால் அதை அவளிடம் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார்கள். அவள் மாதிரி எதிர்க்கேள்வி கேட்க ஆள் இல்லை. அவளுக்காக நான் ஏங்கியதுபோல் வேறு யாருக்காகவும் ஏங்கியதில்லை.

இப்போதும் போனில் பேசிக்கொள்கிறோம். பிள்ளைகள், முட்டிவலி, விலைவாசி. அந்தச் சனிக்கிழமையை மட்டும் இருவரும் தொட்டதில்லை. போன வருஷம் ஒரு நாள், பேச்சுக்கு நடுவில் என்னை அறியாமல், "அது உன்னோட வாரம்," என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் லா," என்றாள். "நீ எப்ப சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."