கல்லை எடுத்தாச்சு

இது நடந்த கதை. கப்சா என்று சொல்பவர்கள், ஒரு மார்கழி விடியலில் வ. புதுப்பட்டி கண்மாய்க் கரையில் தனியாகப் போய் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

1986. ராஜபாளையத்தில் வேலை போய், நாலு மாதம் நாயாய் அலைந்த தவசிமுத்துவுக்கு ராஜரத்தினம் முதலாளியின் டிராக்டரை ஓட்டும் வேலை கிடைத்தது. விடியும்போது வண்டி வயலில் நிற்கவில்லை என்றால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார் முதலாளி. வண்டியோ கிழடு. பேட்டரி செத்தது, பிரேக் பேருக்குத்தான். மார்கழிக் குளிரில் இன்ஜினுக்கு லேசில் உயிர் வராது.

அதனால் ராத்திரியே வண்டியைக் கரை இறக்கத்தில் கியர் போட்டு நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை வைத்துவிடுவார்கள். காலையில் ஒருவர் குனிந்து கல்லை எடுத்து, விலகி நின்று, 'எடுத்தாச்சு' என்று குரல் கொடுக்க வேண்டும். அதுவரை கியர் தாங்கும். குரல் வந்ததும் டிரைவர் கிளட்சை மிதிப்பான், வண்டி உருளும். உருளும்போது காலை எடுத்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இருட்டில் சக்கரத்தடி தெரியாது. குரலை நம்பித்தான் எல்லாம்.

கல் எடுக்க ஊரில் ஒருத்தரும் வரவில்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வேறு வழியில்லாமல் மனைவி வெள்ளைத்தாயைக் கூட்டி வந்தான் தவசிமுத்து.

முதல் நாள், ஐந்தேகால் மணி. "எடுத்தாச்சு" என்று குரல் வந்தது. செத்த நேரத்தில் அதே குரலில் இன்னொரு தடவை... "எடுத்தாச்சு." இரண்டாவதற்குத்தான் மிதித்தான். பிறகு கேட்டதற்கு, ஒரு தடவைதான் சொன்னேன் என்றாள் அவள்.

இரண்டாம் நாளும் இரண்டு குரல். புல், சீட்டு, போனட் எல்லாம் பனியில் நனைந்து கிடந்தன.

"இந்தக் கல்லு மட்டும் சுடுதுங்க," என்றாள் வெள்ளைத்தாய்.

அவன் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். ஆனாலும் வேலையை விட மனம் வரவில்லை.

மூன்றாம் நாள். பனி கண்ணை மறைத்தது.

"எடுத்தாச்சு."

காத்திருந்தான்.

இரண்டாவது குரல் வரவில்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கூடுதல் குரல் இன்றைக்கு விட்டுப்போயிற்று என்று நினைத்தான் பாவி.

மிதித்தான்.

வண்டி உருளவில்லை. எதிலோ ஏறி... இறங்கியது.

டப்... டப்... டப்...

இன்ஜின் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வெள்ளைத்தாய் அடங்கிவிட்டாள். சக்கரத்தடியிலிருந்து தூக்கியபோது அவள் இரண்டு கையும் அந்தக் கல்லைப் பிடித்தபடியே இருந்தன. அவள் இன்னும் கல்லை எடுக்கவே இல்லை.

பிணவறை வாசலில் முதலாளி வந்து பக்கத்தில் நின்றார்.

"குரல் கேட்டுச்சால?"

தவசிமுத்து நிமிர்ந்து பார்த்தான்.

போன மார்கழியில் அதே கல்லை எடுக்கப் போய் இருளப்பசாமி என்பவன் செத்திருக்கிறான் என்று அப்போதுதான் சொன்னார் முதலாளி. அன்றைக்கும் டிரைவர், குரல் கேட்டுத்தான் மிதித்தேன் என்று அழுதானாம். இருளப்பசாமிக்குப் பிறவியிலேயே வாய் பேச வராது. கல்லை எடுத்ததும் மட்கார்டில் இரண்டு தட்டு தட்டுவது அவன் வழக்கம். அன்றைக்கு டிரைவர் தூக்கக் கலக்கத்தில் அந்தத் தட்டுக்குக் காத்திருக்கவில்லை.

"அவனுக்கு முன்னாடியும் ரெண்டு பேரு போயிட்டாக," என்றார் முதலாளி. "அதான் வாய் பேசாதவனா பாத்து வச்சேன். குரல் கேட்டா அவன் இல்லைன்னு டிரைவருக்குத் தெரியும்ல."

பிறகு, நாளைக்கு வண்டி எடுக்க வருவாயா என்று கேட்டார்.