வாடகை எழுத்துகள்

மின்சாரம் போய்ப் பத்து நிமிடமாகிறது. ரெஹானாவின் விரல்கள் இன்னும் நிற்கவில்லை. விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு மேசை விளிம்பில் அடித்துக்கொண்டிருக்கிறார். கண் சன்னலுக்கு வெளியே, சுருளிப் பக்கத்து மலை மீது ஊர்ந்துபோகும் மேகத்தில் இருக்கிறது. உதடு லேசாக அசைகிறது. என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டால் தூக்கம் கலைந்தவர் போலத் திரும்புவார்.

"மேகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்ல, 'மேகம்'னு அடிச்சுட்டேன் போலண்ணே."

கம்பம்மெட்டு சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, எட்டடிக்குப் பத்தடி அறை. மகள் பெயரில் 'மிஸ்பா டி.டி.பி.' என்று பலகை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, திராட்சைப் பெட்டியில் ஒட்டும் சீட்டு, ஏலக்காய்க் கடை லெட்டர்பேடு, கண்ணீர் அஞ்சலி. பத்து ஆண்டுகளாக இந்த ஊர் அச்சில் சொன்னதில் பாதி, இவர் விரல் வழியாகத்தான் போனது. படிப்பு பத்தாம் வகுப்பு. உத்தமபாளையத்தில் தமிழ்த் தட்டச்சு லோயர் முடித்தவர். ஆங்கிலம், அவர் சொல்கிறபடி, "பஸ்ஸு போர்டு படிக்கிற அளவுக்கு."

பில்லி சூனியப் புரட்டைப் பற்றிய துண்டறிக்கை ஒன்றை அச்சுக்குத் தயார்செய்ய முதன்முதலில் அங்கே போனேன். முழுவதும் அடித்துவிட்டுத் தாளின் தலைப்பகுதியைப் பார்த்துக் கவலைப்பட்டார். "மேல என்னண்ணே போட? எங்காளுகன்னா 786. உங்க ஆளுகன்னா பிள்ளையார் சுழி. ஜெபா டீச்சர் வந்தா பைபிள் வசனம் போடச் சொல்வாக. நீங்க ஒண்ணுமே வேணாங்குறீக. மொட்டத்தலை மாதிரில இருக்கு!" கடைசியில் அவராகவே ஒரு சின்னப் பூவை எடுத்து வைத்தார். அந்தப் பூவோடுதான் ஆயிரம் படி ஊருக்குள் போனது.

அவர் பேச்சில் கனவு அடிக்கடி வரும். பலன் கேட்க மாட்டார். மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்வார். "நேத்து திராட்சத் தோட்டம்ணே. பந்தல்ல கொத்துக் கொத்தா எழுத்து தொங்குது. ககரம் ஒரு கொத்து, மகரம் ஒரு கொத்து. பறிக்கப் போறேன், கம்பெனிக்காரன் ஒவ்வொரு கொத்துக்கும் பூட்டு போட்டு வச்சுருக்கான்."

பூட்டு கனவில் முளைத்ததல்ல. 1999இல் ஒரு சென்னைக் கம்பெனியின் தமிழ் எழுத்துகளை ரெஹானா விலைக்கு வாங்கினார். குறுந்தகடோடு விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்தது. அந்தப் பூட்டைக் கணினியின் முதுகில் செருகினால்தான் எழுத்து திரையில் எழும். 'ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும்' என்று சொல்லி விற்றார் தேனி டீலர் சங்கரலிங்கம். 2003இல் புதிய பதிப்பு என்று காசு கேட்டு வாங்கினார்கள். 2006இல் மறுபடியும். இந்த 2009இல், பழைய கணினி இழுத்து இழுத்து மூச்சு விட்டதால் ரெஹானா புதியது வாங்கினார். அதன் முதுகில் பழைய பூட்டு நுழையும் வாயே இல்லை. புதிய பூட்டு வாங்க வேண்டும்; இனி வருடா வருடம் கட்டணமும் உண்டு; மார்ச் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் பழைய வாடிக்கையாளர் சலுகையும் போய்விடும்.

"அந்தக் காசுக்கு ஒரு வெள்ளாடு வாங்குனா குட்டியாச்சும் போடும்ணே," என்றார் ரெஹானா. "எங்கத்தா தையக்கட வச்சுருந்தாக. கத்திரி வாங்குனாக, முப்பது வருசம் வெட்டுனாக. கத்திரி வித்தவன் வருசாவருசம் வந்து வாசல்ல நின்னானா?"

எழுத்துருவை வரைந்தவரின் உழைப்புக்கு விலை உண்டு. அந்த விலையை இவர் மூன்று முறை கொடுத்துவிட்டார். தன் தாய்மொழியில், தன் கையால் அடித்த சொல்லைத் தானே திறந்து படிக்க ஆண்டுதோறும் வாடகை என்றால், அதை வழிப்பறி என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருக்க, ரெஹானா மேகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியை மாற்றிவிடலாம்தான். ஆனால் பழைய கோப்புகள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், மூத்த பிள்ளைக்கு அடித்ததைச் சொல்லி, "அதே மாதிரி, பேர மட்டும் மாத்தும்மா" என்பார்கள். எந்தத் தாய்மாமன் முதலில், எந்தச் சித்தப்பா அடுத்து என்பது வீடு இரண்டாகும் அளவுக்குச் சண்டை போட்டு முடிவான வரிசை. ஒரு பெயர் இடம் மாறினால் பந்தியில் ஓர் இலை காலியாக இருக்கும். அந்த வரிசைகள் எல்லாம் பூட்டுக்குள் இருந்தன.

வேறொரு கம்பெனி, பழைய கோப்பை ஒரே தட்டில் தங்கள் எழுத்துக்கு மாற்றித் தருவதாக ஒரு மென்பொருளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. லோயர் கேம்ப் செல்லப்பாண்டியின் இளைய மகள் கல்யாணத்துக்கு, மூத்தவளின் பத்திரிகையை ரெஹானா அதில் போட்டு எடுத்தார். மாமன்கள் வரிசை பிசகவில்லை. முந்நூறு பத்திரிகை அச்சாகிப் போனது. மறுநாள் செல்லப்பாண்டி படியேறி வந்தார்.

"ஏம்மா, எம்மக ஞானசெல்வி காலேசுல படிச்சது எனக்குத் தெரியும். இது என்னம்மா படிப்பு, டீ.ளுஉ.? சம்பந்தி வீட்ல கேக்குறாக."

பி.எஸ்ஸி. என்று ஆங்கிலத்தில் இருந்ததையும் அந்த மென்பொருள் அந்தந்த விசைக்குரிய தமிழ் எழுத்தாக மாற்றிவிட்டிருந்தது. ரெஹானாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. செல்லப்பாண்டி போன பிறகு அழுகை வந்தது. முந்நூறையும் தன் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தாக வேண்டும்.

அன்று மதியம் நான் அங்கே இருந்தேன். புதிய கணினியில் பூட்டில்லாமல் அந்தப் பழைய கோப்பைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் சிதறிக் கிடந்தன. அதையே வெறித்துக்கொண்டிருந்தார். விரல்கள் மேசை விளிம்பில் தாமாக அசையத் தொடங்கின. திரையில் எந்த எழுத்து தெரிகிறதோ, அந்த விசை இருக்கும் இடத்துக்கு விரல் போகிறது; அந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து உண்டோ, அது வாயில் வருகிறது. "நிகழும்... மங்களகரமான... இல்லண்ணே, 'கர்த்தருடைய பெரிதான கிருபையினால்'..." தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்த்துச் சொல்வது போல, மெதுவாக, கண் இமைக்காமல் முழுப் பத்திரிகையையும் படித்தார். பிறகு இணையத்தில் விலையில்லாமல் கிடைக்கும் எழுத்தில் அதை முதலிலிருந்து அடித்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய வளைவும் நெளிவும் அந்த எழுத்தில் குறைவு. "நக போடாத பொண்ணு மாதிரி இருக்கு," என்றார். "இருக்கட்டும், லட்சணமாத்தான் இருக்கா."

மார்ச் முப்பத்தொன்று. சங்கரலிங்கம் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"கம்பெனி பாலிசி மேடம், நான் என்ன செய்ய? நாளையிலருந்து ரெண்டு மடங்கு. பூட்டு இல்லாம நீங்க அடிச்சதுல ஒரு எழுத்தக்கூட படிக்க முடியாது."

ரெஹானா ஒரு கோப்பைத் திறந்தார். சிதறல் நிறைந்த அந்தத் திரையைப் பார்த்து, ஒரு நிக்காஹ் அழைப்பின் பெயர்களை வரிசையாக, பாட்டன் பெயர் வரை சொல்லி முடித்தார். சங்கரலிங்கம் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மனப்பாடமா?"

"நீங்களே ஒண்ணத் தொறந்து குடுங்க சார்."

அவர் திறக்கவில்லை. "நாலாயிரம் ஃபைல் இருக்குங்கிறீங்க. அத்தனையும் திரும்ப அடிக்கப் போறீங்களா?"

"வர்றவகளுக்கு மட்டும் அடிப்பேன். நாலாயிரம் வீட்லயும் நாளைக்கேவா கல்யாணம் வச்சுருக்காக?"

"எதுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டு வையுங்க மேடம்," என்று படிவத்தை நீட்டினார். "அப்புறம் வருத்தப்படாதீங்க."

ரெஹானா வாங்கிக்கொண்டார். முன்பக்கத்தை ஒரு முறை படித்தார். பிறகு தாளைத் திருப்பி, எழுத்தில்லாத வெள்ளைப் பக்கத்தில் அச்சாகும்படி, பிரிண்டர் தட்டில் ஓரம் தட்டி வைத்தார். காலையில் அடித்து முடித்த பத்திரிகைக்குப் பிழை பார்க்க அதில் ஒரு படி எடுத்தார்.