வெளுத்த காய்

எனக்குப் பிடித்த இங்கிலாந்து நாவலாசிரியையின் முதல் புத்தகத்தில் அவள் பெயரே இல்லை. யாரோ ஒரு பெண் எழுதியது என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை அண்ணன் தயவில் கிடைத்த வீட்டில் இருந்தாள். இன்று அவள் ஊரில் கோப்பை, பை, துண்டு எல்லாவற்றிலும் அவள் முகம். செத்த பிறகு மரியாதை செய்ய யாருக்கும் கஷ்டமில்லை.

கல்லூரியில் அவள் கதைகளைச் சிரித்துக்கொண்டே படித்தேன். மின்னணுவியல் முடித்து ஊர் திரும்பியதும் சிரிப்பு நின்றது.

போடிக்கு மேலே, மலையில் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோரை நான்தான் பார்த்தேன். பறித்த காயை உலர்த்தும் இடம் அது. வெப்பம், ஈரம், காற்றோட்டம் மூன்றும் சரியாக நின்றால் காய் பச்சை மாறாமல் வரும். அதற்கான கருவிகளை நானே பொருத்தினேன். ஏலம் விடும் மையத்தில் எங்கள் காயைத் தேடி வாங்கினார்கள். அந்த வேலை என் கையை விட்டுப் போகக் கூடாது. வேறெதுவும் நான் கேட்கவில்லை.

போன வருடம் பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தோட்டத்தையும் பார்க்கட்டும் என்று அப்பா அவர்களை ஜீப்பில் மலைக்கே கூட்டிவந்தார். காய் பாதிதான் உலர்ந்திருந்தது. அப்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் திறந்தார். ஆண்கள் உள்ளே போய் அள்ளி முகர்ந்தார்கள். பெண்கள் பார்க்க மறுபடி திறந்தார். நான் பட்டுப்புடவையில் காபித் தட்டோடு நின்றிருந்தேன்.

"ஸ்டோர யாரு பாக்குறா?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார்.

"நம்ம பயதேன்," என்றார் அப்பா. அண்ணன் அப்போது சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தான்.

அந்த லோடு வெளுத்துவிட்டது. ஏலத்தில் மாதிரியைப் பார்த்தவர்கள் தள்ளிவைத்தார்களாம். வீட்டுக்கு வந்த அப்பா அம்மாவிடம், "பொட்டப்புள்ளட்ட விட்டா இப்பிடித்தேன்," என்றார்.

தேவாரத்துக்காரர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் நான் ஸ்டோரைப் பார்க்கலாமா என்று கேட்கச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "கட்டிக் குடுத்தப்பறம் இங்க என்ன சோலி ஒனக்கு?"

நாவலாசிரியையும் ஒருவனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் வேண்டாம் என்றவள்தான். அதற்குப் பிறகும் அவளிடம் எழுத்து மிச்சமிருந்தது. நான் வேண்டாம் என்றதும் அப்பா சத்தம் போடவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, "அப்பு, வெரசா கெளம்பி வா," என்றார்.

இப்போது ஸ்டோர் சாவி அண்ணனிடம். நான் போடி வீட்டில் இருக்கிறேன். காய் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அவன் மலையிலிருந்து கூப்பிடுகிறான்: "பாப்பா, எத்தன டிகிரி வைக்கட்டும்?"

கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அவன் பெயர் போன் திரையில் வந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.