கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு நாயும் நாங்களும்

பொன்முடி மலைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கல்லாறு தாண்டி மலைப்பாதை வளையத் தொடங்கியதும் என் வயிறு புரளத் தொடங்கிவிடும். பிள்ளைகள் ஜன்னலோரம் தேயிலை, அருவி, மேகம் என்று கூச்சல் போடுவார்கள். நான் பாலிதீன் பைக்குள் முகத்தை வைத்திருப்பேன். உச்சியில் இறக்கிவிட்டால் கண்ணைத் திறக்கவும் தெம்பிருக்காது. அதனால்தான் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு ஒருநாள் சொன்னேன்: இந்த மலையில் ஒருமுறையாவது நடந்து ஏறி, கண் நிறையப் பார்க்க வேண்டும். அதுவும் கட்டினவரோடு.

கட்டினவருக்கு ஆரியசாலைக் கடைவீதியில் மளிகை மொத்தக்கடை. கல்லாவிலிருந்து வாசல்வரை போய் வருவதுதான் அவருடைய நடை. முடியாது என்று அவர் எதையும் சொல்ல மாட்டார். முடியாமல் போகும்படி ஒரு நிபந்தனை போடுவார்.

"நாயும் வரணும், கேட்டியா. நான் இல்லாட்டி அது சோறு தின்னாது."

சின்னவள் எங்களிடம் விட்டுப்போன லாப்ரடார் அது. சோறு போடுகிறவள் நான், வாலாட்டுவது அவரிடம். நாள் முழுக்கக் கடையில் மல்லி மூட்டைகளுக்கு நடுவே படுத்து, அதுவும் ஒரு மூட்டையாகவே ஆகியிருந்தது. முதல் வளைவிலேயே படுத்துவிடும், எல்லோரும் வீடு திரும்பலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தது எனக்குத் தெரியாதா என்ன?

ஓணம் முடிந்து மழை சற்று ஓய்ந்திருந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு இன்னும் சீசன் தொடங்கவில்லை, அட்டைகளுக்குத் தொடங்கிவிட்டது. அட்டை கடித்தால் உப்பு நல்லது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எதையும் சில்லறையாக எடுத்துப் பழக்கமில்லை. தன் முதுகுப்பை நிறைய உப்புப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டார். என் பையில் நாய்க்கென்று ஒரு டின் ரஸ்க். கடையின் சரக்கு வண்டி எங்கள் மூவரையும் மலையடிவாரத்தில், கல்லாற்றங்கரையில் இறக்கிவிட்டுப் போயிற்று.

நாய் படுக்கவில்லை. ஆற்றில் விழுந்து புரண்டு, எங்கள் மேல் தண்ணீரைச் சிலிர்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது. ஒவ்வொரு மைல்கல்லிலும் உட்கார்ந்தவர் அவர்தான். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி உப்பை வழியிலிருந்த பெட்டிக்கடைகளில் இறக்கிவிட்டார். சும்மா கொடுக்கவில்லை, மொத்த விலைக்கு விற்றார். அன்று இரவு எங்கள் கடையில் சரக்கெடுக்கும் டீக்கடைக்காரரின் பின்னறையில் தங்கினோம்.

மறுநாள் மழை வலுத்தது. வழுக்கும் சாலை, காலெல்லாம் அட்டை. அப்போது பார்த்து, அந்தப் பாதையில் எப்போதாவது வரும் பஸ் ஒன்று வளைவில் திரும்பியது. இவர் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். நடக்கும் ஆசையெல்லாம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கண்டக்டர் நாயைப் பார்த்தார். "சாருக்குக் கேறாம். பட்டியெ கேற்றான் பற்றில்ல."

இவர் ஏறலாம், நாயை ஏற்ற முடியாதாம்.

"கடிக்கில்ல சேட்டா, ரஸ்க் மாத்ரமே தின்னூ," என்று இவரும் மலையாளத்திலேயே கெஞ்சினார். பஸ்ஸே சிரித்தது. பிறகு போய்விட்டது. கூட்டுத்தொழிலில் ஏமாற்றப்பட்டவரைப்போல அவர் நாயை முறைத்தார். நான் அதன் ஈரத் தலையைத் தடவி, கையோடு இரண்டு ரஸ்க்கும் கொடுத்தேன். அத்தனை வருஷத்தில் அந்த நாயின்மேல் எனக்கு உண்மையான பிரியம் வந்தது அப்போதுதான்.

இரவு எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், எங்களுக்குத் தெரிந்த இன்னொரு கடைக்காரர் வீட்டில். "பஸ் உண்டும்லா அக்கா, எதுக்கு நடக்கிறிய?" என்று அவர் மனைவி கேட்டாள். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்னும்போது நாய் சாலையில் படுத்தேவிட்டது. பாதம் தேய்ந்து சிவந்திருந்தது. அந்த நேரம் பின்னால் ஒரு ஜீப். முதல் நாள் தங்கவைத்த டீக்கடைக்காரர், மேலே இருக்கிற கடைக்குப் பால் கொண்டுபோகிறார்.

"கேறுங்கோ அண்ணாச்சி. அக்காவும் கேறட்டு."

இவர் நாயைத் தூக்கி உள்ளே போட்டார். தானும் ஏறினார். என் பக்கம் கையை நீட்டினார். "வா. இம்புட்டு நடந்தது போதும்லா?"

"நீங்க போங்க. நான் நடந்து வாறேன்."

ஜீப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. கோபம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மூக்கைச் சிந்தியபடி நடந்தேன். தனியாக ஏறிப் பார்ப்பதற்கா இத்தனை பாடு?

அடுத்த வளைவு திரும்பினேன். சாலையோரம் அவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். தூரத்தில் ஜீப் போய்க்கொண்டிருந்தது. முன்சீட்டில் நாய், தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் இறங்கினிய?"

"அதுக்குக் கால் வலிக்கு, அது போகட்டு."

"உங்களுக்கு?"

"எனக்கு அதவிட மோசம். பேசாம நட."

நடந்தோம். வெயில் தேயிலைமேல் இறங்கியிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வழி நெடுக, பக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்த அந்த மனிதரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.