எஸ்தர் கிளம்பாத நாள்

ஐயம்பேட்டை எஸ்தர் தோளில் பையை மாட்டிக்கினு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாலே ஷரீஃப் பாய் தெருவில் சிரிப்பு கிளம்பிடும். "மறுபடியுமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டுமே! கூலி வேலைக்குப் போன வீட்டில் பிறந்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் கத்துக்கினு, தன் பேரையே போர்டில் எழுதி மாட்டினவள் அவள். காஞ்சிபுரம் டவுனுக்குள்ளே அவளை ரிப்பேருக்குக் கூப்பிட்ட முதல் வீடு ஷரீஃப் பாய் வீடுதான். இதைக் கோட்டை விட்டால் டவுனில் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

ஷரீஃப் பாய் மகள் நஸ்னீன், அவருடைய பட்டுக்கடைப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். அவளுடைய வயர் இல்லாத மவுஸ், எஸ்தர் இருக்கும்வரை சமத்தாக ஓடும். அவள் தெருமுனை திரும்பினதும் படுத்துக்கும். அன்னப்பட்சிக்குக் கழுத்து வரையும்போது திரையில் அம்பு எங்கேயோ நின்று எங்கேயோ குதிக்கும்.

அன்றைக்கும் எஸ்தர் பேட்டரியை மாற்றினாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் செருகியிருந்த, மவுஸின் நகத்தளவு ரிசீவரை இடம் மாற்றினாள். மவுஸ் ஓடியது.

"சரியாயிடுச்சுல்ல, கிளம்பும்மா," என்றார் ஷரீஃப் பாய். "மறுபடி படுத்துச்சுன்னா பஸ் ஸ்டாண்டு ரிப்பேர் கடைக்காரரத்தான் கூப்பிடணும். தப்பா நெனச்சுக்காதே."

"நான் கிளம்பல பாய்." எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் போனப்புறம் இங்க என்ன நடக்குதோ, அதை என் கண்ணு முன்னாடியே நடத்துங்க."

"எங்க வீட்டுல என்னம்மா நடக்கும்? நீ போனதும் ஜின்னு வந்து பிடிச்சுக்குதா?" என்று சிரித்துக்கினே வந்தாள் பாயின் மனைவி ஜோஹரா. வந்தவள், ஓரமாக மடித்து வைத்திருந்த உறையை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டிமேல் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். அவளுடைய கல்யாணப் புடவை முந்தானையில் தைத்த உறை அது. இழைக்கு இழை ஜரிகை. ரிப்பேருக்கு ஆள் வந்தால் அழுக்காகும் என்று எடுத்து வைப்பாள். போனதும் போர்த்திவிடுவாள்.

"ஐயோ, நின்னுடுச்சு!" என்று கத்தினாள் நஸ்னீன்.

எஸ்தர் உறையைத் தூக்கினாள். அம்பு ஓடியது. விட்டாள். நின்றது.

"ஜோஹராக்கா, இந்த ஜரிகைல எவ்ளோ வெள்ளி இருக்குது! அது மறிச்சா மவுஸ் கூப்பிடறது ரிசீவருக்கு எப்படிக் கேக்கும்?"

"அதை எடுக்கச் சொல்லாதே. மொட்டையா வைக்க மாட்டேன்."

"எடுக்கவே வேணாம்க்கா." எஸ்தர் பையிலிருந்து முழ நீள வயரை எடுத்துப் பெட்டியில் செருகினாள். ரிசீவரை அதன் மறுமுனையில் மாட்டி, மேசைமேல் கொண்டுவந்து ஒட்டினாள். உறை போர்த்தினது போர்த்தினபடி இருக்க, நஸ்னீன் அன்னத்தின் கழுத்தை ஒரே இழுப்பில் வளைத்து முடித்தாள்.

ஷரீஃப் பாய்க்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கே போய்விட்டார். "பாத்தீங்களா, எங்க கடை ஜரிகை! சிக்னலு கூட உள்ளே நுழைய முடியல!"

"கண்டுபிடிச்சது யாருன்னும் சொல்லுங்க," என்றாள் ஜோஹரா உள்ளேயிருந்து.

"நம்ம எஸ்தர்தான்."

"தெருவுக்கே கேக்கறாப்பல சொல்லுங்க!"

பாய் சொன்னார், தெருவுக்கே கேட்கிறாற்போல. எஸ்தர் தலை நிமிர்ந்து அந்தத் தெருவில் நடந்தாள். முனை திரும்பினதும் நின்று நஸ்னீனுக்குப் போன் போட்டாள்.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா!"

அப்புறம்தான் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.